சாவி திரும்பும் முன் விட்ட அறை: ஒரு மெமரி பேட்ச் ரிவ்யூ பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தரமணியில் இருக்கும் சிறிய குழு எங்களுடையது. கடை, குடோன், அடுக்ககம் போன்ற இடங்களில் மாட்டும் கண்காணிப்பு கேமராக்களின் படத்தைப் பதிவு செய்யும் பெட்டியை உருவாக்குகிறோம். உள்ளே நான்கு கோர் உள்ள ஏஆர்எம்64 சிப், 1 ஜிபி மெமரி, லினக்ஸ் 5.10 கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி). 2020 டிசம்பரில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு அது. கர்னலின் பெரும்பகுதி உலகம் முழுக்கப் பயன்படுவதுதான். அதன் மேல் நாங்களே எழுதிச் சுமக்கிற சில பேட்ச்களும், அதாவது கர்னல் கோடில் செய்யும் மாற்றங்களும், உண்டு. அவற்றில் ஒன்றில் நடந்த மாற்றத்தை நான் ரிவ்யூ செய்த விதமும் அதன் பின்விளைவும்தான் இங்கே எழுதியிருப்பது.

அந்த பேட்ச் ஒரு வீடியோ ஃப்ரேமை நகலெடுக்காமல் ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்கு நகர்த்துகிறது. 1,920-க்கு 1,080 பிக்சல் ஃப்ரேம், என்வி12 வடிவத்தில் பிக்சலுக்கு ஒன்றரை பைட் வீதம் 31,10,400 பைட். 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்தால் 760 பக்கங்கள். எட்டு கேமரா, நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 200 ஃப்ரேம் நகர வேண்டும். நகலெடுத்தால் நொடிக்கு 62 கோடி பைட்டைத் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும். இந்த விலையில் விற்கும் சிப்புக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் பக்கத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, எந்த முகவரி எந்தப் பக்கத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் பேஜ் டேபிளில் பழைய முகவரிக்கான பதிவை அழித்து, அதே பக்கத்தைப் புது முகவரியில் பதிகிறோம்.

இதில் சிக்கல் டிஎல்பி. பேஜ் டேபிளில் இருப்பதை ஒவ்வொரு கோரும் தன்னிடமே குறித்து வைத்துக்கொள்ளும் சிறிய பட்டியல் அது. டேபிளில் பதிவை அழித்ததாலேயே கோர்களிடம் இருக்கும் குறிப்பு அழிந்துவிடாது. அழிக்கச் சொல்லி ஆணை அனுப்பி, எல்லா கோரும் செய்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

வேலைக்கு வந்த புதிதில் நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தேன். ஒரு அறையில் நான்கு பேர், ஆளுக்கொரு சாவி. காலி செய்யும்போது மேலாளர் பதிவேட்டில் பெயரை அடிப்பார். ஆனால் நான்கு சாவியும் கைக்கு வந்த பிறகுதான் அறையைப் புது ஆளுக்கு விடுவார். பேஜ் டேபிள் அந்தப் பதிவேடு. டிஎல்பியில் இருப்பவை சாவிகள். குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இப்படித்தான் விளக்குவேன். அவ்வளவு தெரிந்திருந்தும் நான் தவறவிட்டேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வந்த மாற்றம்

பழைய கோட் ஒவ்வொரு பக்கமாகப் போகும். பதிவை அழிக்கும், டிஎல்பி ஆணை அனுப்பும், காத்திருக்கும், அடுத்த பக்கம். நொடிக்கு 200 ஃப்ரேம் என்றால் 1,52,000 காத்திருப்புகள். எட்டு கேமராவும் ஓடும்போது பெட்டி திணறுவதற்கு இது முக்கியக் காரணம் என்று எங்கள் குழுவின் இளம் பொறியாளர் அளந்து காட்டினார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அளவீடு சுத்தமாக இருந்தது.

அவருடைய மாற்றம்: டேபிளை வேறு யாரும் மாற்றாமல் தடுக்கும் லாக்கைப் பிடித்து 760 பதிவுகளையும் நகர்த்திவிட்டு, லாக்கை விட்ட பிறகு, மொத்த நீளத்துக்கும் ஒரே ஒரு டிஎல்பி ஆணை. லாக் பிடித்திருக்கும் நேரமும் குறையும், காத்திருப்பும் ஒன்றாகும். ஏப்ரல் கடைசி வாரம் அது என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தது.

முதல் ரிவ்யூ

இரண்டு மாலை உட்கார்ந்து படித்தேன். ஒன்பது குறிப்புகள் எழுதினேன். எல்லாமே எல்லைகளைப் பற்றியவை: கடைசிப் பக்கம் விடுபடுகிறதா, 2 எம்பி எல்லையைத் தாண்டும்போது அடுத்த பேஜ் டேபிளுக்குச் சரியாகப் போகிறதா, நடுவில் பிழை வந்தால் பாதி நகர்ந்ததைத் திருப்பி வைக்கிறதா. இப்படிப்பட்ட கோடில் பிழை வழக்கமாக ஒளிந்திருப்பது அங்கேதான், அதனால் அங்கேயே தேடினேன். ஒரு குறிப்பில் நான் சொன்னது சரியாகவும் இருந்தது. அதனாலேயே மனதில் ஒரு நிறைவு வந்துவிட்டது. அந்த நிறைவு ஆபத்தானது என்று இப்போது நினைக்கிறேன்.

நான் ஒரு வார்த்தைகூட எழுதாமல் விட்டது லாக்கை விடும் வரிக்கும் டிஎல்பி வரிக்கும் இடையில் இருந்த இடைவெளியைப் பற்றி. மாறிய வரிகளை மட்டும் காட்டும் டிஃப்பில் அந்த இரண்டு வரிகளும் இடம் மாறியிருந்தது மட்டும்தான் தெரியும். புதிதாக எழுதிய வரி என்றால் கண் நிற்கும். இடம் மாறிய வரியை, அதான் ஏற்கெனவே இருந்ததுதானே என்று கண் தாண்டிவிடும்.

அந்த இளம் பொறியாளர், எங்கள் தம்பி, குறிப்புகள் அனைத்தையும் திருத்தி அனுப்பினார். நான் 'ரிவ்யூடு-பை' போட்டேன். லினக்ஸ் கர்னலின் ஆவணங்களில் அந்தச் சொல்லுக்கு எழுத்தில் பொருள் இருக்கிறது. தொழில்நுட்ப ரீதியாக முழுதாகப் பரிசீலித்தேன், சேர்க்கத் தகுந்தது என்று நம்புகிறேன் என்ற அறிக்கை அது. எனக்கு ஆட்சேபம் இல்லை என்று மட்டும் சொல்ல 'ஏக்டு-பை' தனியாக உண்டு. உண்மையில் நான் செய்திருந்தது இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

பெஞ்சில் தெரிந்தவை

மே முதல் வாரம் சோதனை பெஞ்சில் ஆறு பெட்டிகளில் புது கர்னலை ஏற்றினோம். சுமை நன்றாகக் குறைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஒன்பதாம் நாள் ஒரு பெட்டியில் அமைப்புகளைக் கவனிக்கும் புரோகிராம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொரு பெட்டியில் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஃபைலின் நடுவில் சம்பந்தமில்லாத பைட்டுகள். அதன்பின் முதல் பெட்டியிலேயே நேரம் சரிசெய்யும் புரோகிராம். வீடியோ மட்டும் எதிலும் கெடவில்லை. எட்டு கேமராவின் படமும் பளிச்சென்று இருந்தது. அதனால் வீடியோவுக்காக எழுதிய பேட்ச் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சந்தேகம் போனது வெயிலின் மேல். கத்திரி நேரம். சனி, ஞாயிறில் ஆய்வறையில் ஏசியை அணைத்துவிடுவார்கள். ஞாயிறு மதியம் அங்கே போய் நின்றால் பெட்டியின் மூடியில் கை வைக்க முடியாது. ரேம் சூட்டில் தடுமாறுகிறது என்பது நம்பத் தகுந்த விளக்கம்தான். மூன்று நாள் மெமரி சோதனை ஓட்டினோம், அடாப்டர்களை மாற்றினோம், ஏசியை இரவும் பகலும் ஓட விட்டோம். மெமரி சோதனையில் ஒரு பிழையும் இல்லை. ஏசி ஓடிய அறையிலேயே இன்னொரு பெட்டி விழுந்தது.

"அண்ணா, ரேம் கெட்டிருந்தா ஒரே இடத்துல திரும்பத் திரும்ப விழணும். இது ஒவ்வொரு தடவையும் வேற இடம், வேற பெட்டி" என்றார் தம்பி. தன் பேட்சைத் தானே முதலில் சந்தேகித்தவர் அவர்தான். எனக்கு முன்னால்.

304 பைட்

அன்று மாலை கர்னலில் பக்கங்களுக்கு விஷம் தடவும் வசதியை இயக்கினோம். விடுவித்த பக்கம் முழுவதையும் 'ஏஏ' என்ற பைட்டால் நிரப்பிவிடும். அந்தப் பக்கத்தை மறுபடி யாருக்காவது கொடுக்கும்போது ஏஏ கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கும். கலைந்திருந்தால், யாருக்கும் சொந்தமில்லாத பக்கத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

மறுநாள் காலை செய்தி வந்திருந்தது. பக்கத்தின் உள்ளடக்கத்தைக் கொட்டிப் பார்த்தோம். வரிசை வரிசையாக ஏஏ ஏஏ ஏஏ. நடுவில் திடீரென்று 80 80 80 80. எண்ணினேன், 304 பைட். மறுபடி ஏஏ. பிறகு மறுபடி 80, அதுவும் 304 பைட். முதல் கூட்டத்தின் தொடக்கத்துக்கும் இரண்டாம் கூட்டத்தின் தொடக்கத்துக்கும் இடையே சரியாக 1,920 பைட்.

1,920 எங்கள் படத்தின் அகலம். அதைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. வீடியோ பகுதியைப் பார்க்கும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையை ஐந்து நொடிகூடப் பார்த்திருக்க மாட்டார். "304-ஆ? அது நம்ம டைம்ஸ்டாம்ப் பெட்டியோட அகலமாச்சே. 80-ன்னா நிறமே இல்லாத சாம்பல். எழுத்து வெள்ளையாத் தெரியறதுக்காக நிறத்தை அழிச்சிட்டு எழுதுறோம்ல, அதான் இது."

படத்தின் மூலையில் தேதியும் நேரமும் எழுதும் த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை), ஃப்ரேம் அங்கிருந்து நகர்ந்த பிறகும் பழைய முகவரியிலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. தாமதமாக வருகிற எழுத்து பேஜ் ஃபால்ட்டில் (பதிவு இல்லாத முகவரியைத் தொட்டால் கர்னல் தடுத்து நிறுத்துவது) மாட்டி நின்று, புது ஃப்ரேம் வந்த பிறகுதான் தொடர வேண்டும். வடிவமைப்பு அதுதான். மாட்டவில்லை என்றால் அந்த கோரிடம் பழைய சாவி இருந்திருக்கிறது.

ஒரு ஏ4 தாளில் நான்கு கோர்களுக்கு நான்கு பத்தி போட்டுக் கையால் எழுதிப் பார்த்தேன். கோர் 0 பதிவுகளை நகர்த்தி லாக்கை விடுகிறது. கோர் 1-இல் மெமரி தட்டுப்பாடு. பழைய ஃப்ரேம்களைத் திருப்பிக் கொடுக்கும் பாதை ஓடி, புது முகவரியில் அந்தப் பக்கத்தைப் பார்த்து, பதிவை அழித்து, புது முகவரிக்கான டிஎல்பி ஆணையை முறையாக அனுப்பிவிட்டு, பக்கத்தை விடுவிக்கிறது. கோர் 2 தன்னிடம் இருக்கும் பழைய முகவரிக் குறிப்பை வைத்து அதே பக்கத்தில் 304 பைட் எழுதுகிறது. அப்புறம்தான் கோர் 0, பழைய முகவரியை அழிக்கும் ஆணையை அனுப்புகிறது. நான்கு வரி. கோர் 3-இன் பத்தி காலி. இந்தத் தாளை ஏப்ரலில் எழுதியிருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

மெமரி நெருக்கடி, பின்தங்கிய த்ரெட், அந்தச் சில மைக்ரோ நொடி இடைவெளி, மூன்றும் ஒன்றுசேர வேண்டும். ஒன்பது நாள் ஆனதில் வியப்பில்லை.

இதே வகைப் பிழை லினக்ஸின் பொதுக் கர்னலிலேயே இருந்திருக்கிறது. மெமரியை வேறு முகவரிக்கு நகர்த்தும்படி புரோகிராம்கள் கர்னலைக் கேட்கும் எம்ரீமேப் என்ற சிஸ்டம் கால், பேஜ் டேபிள் லாக்கை விட்ட பிறகு டிஎல்பியை அழித்தது. 2018-இல் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோவைச் சேர்ந்த யான் ஹார்ன் அதைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் திருத்தம் வந்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2018-18281 என்று பதிவானது. நான் அதை அப்போதே படித்திருந்தேன். ஆனால் எம்ரீமேப்பின் பிழையாகத்தான் நினைவில் வைத்திருந்தேன். பக்கத்தை இடம் மாற்றும் எந்தக் கோடுக்கும் பொருந்தும் பிழை என்று மனதில் ஏறவில்லை.

கருவிகள் ஏன் பிடிக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். கர்னலின் சோதனைக் கருவிகளில் லாக்டெப் பார்ப்பது லாக்குகளைப் பிடிக்கும் வரிசையை. அந்த வரிசை சரியாகத்தான் இருந்தது. கேஏசான் பார்ப்பது கர்னல் கோட் மெமரியைத் தொடுவதை. இங்கே தொட்டது கர்னலுக்கு வெளியே ஓடும் யூசர் புரோகிராமின் த்ரெட். இரண்டும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. இந்த இடத்தைக் காக்க ரிவ்யூ செய்பவர் மட்டும்தான் இருந்தார்.

திரும்பப் பெறும் முடிவு

நிரூபணம் முழுதாகக் கையில் வரும் முன்பே மாற்றத்தைத் திரும்பப் பெற்றோம். மேலாளருக்குத் தயக்கம். வெளியீட்டுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சுமை குறைந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்லியும் ஆயிற்று. இரண்டு வரியை மேலே தூக்கிப் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் மறுத்ததற்குக் காரணம், பழைய கோட் மெதுவானது என்றாலும் பல மாதம் ஓடி நம்பிக்கை பெற்றது. அவசரத் திருத்தம் அப்படியல்ல. அதோடு, திருட்டு நடந்த கடையில் காவல்துறை கேட்பது குறிப்பிட்ட சில நிமிடப் பதிவைத்தான். அந்த நிமிடத்தில் பெட்டி விழுந்து கிடந்தால் சுமை குறைந்ததால் யாருக்கு என்ன பயன்? அவர் ஒப்புக்கொண்டார். வெளியீடு பழைய கோடுடன் போனது. வாடிக்கையாளரிடம் அவரே பேசினார்.

இன்னொரு முடிவும் எடுத்தோம். திருத்தத்தையும் தம்பியே எழுதட்டும் என்று சொன்னேன். கைமாற்றி அனுபவசாலி ஒருவரிடம் கொடுத்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். ஆனால் குழு முழுக்க அது தம்பியின் பிழை என்று பதிந்துவிடும். அது என் கையெழுத்தும் சேர்ந்த பிழை. கூட்டத்தில் அதை நானே சொன்னேன்.

இரண்டாம் வடிவமும் அதில் இருந்த ஓட்டையும்

இரண்டாம் வடிவத்தில் டிஎல்பி ஆணை லாக்குக்குள் வந்தது. பார்த்தால் சரி. இந்த முறை தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பழைய முகவரியும் புது முகவரியும் வேறு வேறு பேஜ் டேபிள்களில் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி லாக். தம்பியின் கோட் இரண்டையும் பிடித்து, பதிவுகளை நகர்த்தி, புது முகவரியின் லாக்கை முதலில் விட்டு, பிறகு டிஎல்பியை அழித்து, கடைசியில் பழைய முகவரியின் லாக்கை விட்டது. அழிப்பது பழைய முகவரிக் குறிப்பைத்தானே, பழைய லாக்குக்குள் இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் பக்கத்தை விடுவிக்க வருகிறவர் பழைய முகவரி வழியாக வருவதில்லை. அங்கே பதிவே கிடையாது. அவர் வருவது புது முகவரி வழியாக. அவரைத் தடுத்து நிறுத்தக்கூடியது புது முகவரியின் லாக் மட்டும்தான். அதை விட்ட நொடியே பக்கம் கைவிட்டுப் போகலாம். ஆகவே டிஎல்பி அழிப்பு முடியும் வரை புது லாக்கைப் பிடித்திருக்க வேண்டும். எம்ரீமேப்பின் திருத்தப்பட்ட கோடிலும் இந்த வரிசைதான் இருக்கிறது.

இதை எழுத்தில் அனுப்பாமல் அவர் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். "சொல்லுப்பா, இந்த வரிக்கு அப்புறம் அந்தப் பக்கத்தை யார் யாரெல்லாம் பார்க்க முடியும்?" என்று மட்டும் கேட்டேன். பேனாவை எடுத்துத் தாளில் இரண்டு பத்தி எழுதினார். மூன்றாம் பத்தியைத் தொடங்கும்போதே, "ஐயோ, புது லாக்" என்றார்.

மூன்றாம் வடிவம் பேஜ் டேபிள் எல்லைகளில் வெட்டிக்கொள்கிறது. ஒரு டேபிளில் 512 பதிவுகள். 760 பக்க ஃப்ரேம், இரண்டு முகவரிகளின் எல்லைகளையும் சேர்த்தால் 2 முதல் 5 துண்டுகளாக உடையும். துண்டுக்கு ஒரு அழிப்பு, ஒரு காத்திருப்பு, எல்லாம் லாக்குக்குள். 760 காத்திருப்பு அதிகபட்சம் ஐந்தாகிறது. ஒன்றாகத்தான் ஆக வேண்டும் என்று நினைத்ததில்தான் முதல் வடிவம் தவறிப்போனது. ஐந்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் அளவீட்டில் தெரியவே இல்லை.

சோதனை

ஒன்பது நாள் காத்திருந்து பிடிக்கிற பிழையைச் சோதிக்க இன்னொரு ஒன்பது நாள் காத்திருப்பது எதையும் நிரூபிக்காது. அதனால் இடைவெளியை அகலமாக்கினோம். முதல் வடிவத்தில் லாக்கை விடும் வரிக்கும் டிஎல்பி வரிக்கும் நடுவே 500 மைக்ரோ நொடி தாமதத்தைச் செருகி, கூடவே மெமரியைத் தின்னும் புரோகிராம் ஒன்றையும் ஓட விட்டோம். கீழே போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஏஏ நடுவே 80 வந்துவிட்டது. இரண்டாம் வடிவத்திலும் புது லாக்கை விட்ட இடத்தில் அதே தாமதத்தை வைத்தோம். அதுவும் விழுந்தது. தாளில் எழுதியது உண்மையென்று பார்த்தபோது வந்த நிம்மதி பெரியது.

மூன்றாம் வடிவத்தில் டிஎல்பி வரிக்கு முன்னால் அதே தாமதத்துடன் வெள்ளி மாலை ஆறு பெட்டிகளையும் ஓட விட்டோம். திங்கள் காலை வரை ஒரு பக்கமும் கலையவில்லை. தாமதத்தை நீக்கிவிட்டு எட்டு கேமராவுடன் மூன்று வாரம் ஓட்டினோம். ஃப்ரேம் எதுவும் விடுபடவில்லை. லாக் சற்று நீண்ட நேரம் பிடிபடுவதால் கேமரா பக்கம் தடங்கல் வருமோ என்ற என் பயம் பலிக்கவில்லை. ஜூலையில் மாற்றம் வெளியீட்டில் சேர்ந்தது.

மாற்றிக்கொண்டவை

மெமரி பகுதியைத் தொடும் எந்த பேட்சுக்கும் இப்போது தாள் கட்டாயம். லாக்கை விடும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தை யார் பார்க்கலாம், யார் விடுவிக்கலாம், யாரிடம் பழைய குறிப்பு இருக்கலாம் என்று எழுதுபவரும் ரிவ்யூ செய்பவரும் தனித்தனியே எழுதிவிட்டு ஒப்பிடுகிறோம். முதலில் சலிப்பாக இருந்தது. இப்போது புதியவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

டிஃப்பை மட்டும் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். மாற்றத்துக்குப் பிந்தைய முழு ஃபங்ஷனையும் திறந்து மேலிருந்து கீழே படிக்கிறேன். இடம் மாறிய வரிக்கு, ஏன் மாறியது என்ற காரணம், மாற்றத்தோடு எழுதி அனுப்பும் கமிட் செய்தியில் இல்லையென்றால் திருப்பி அனுப்புகிறேன். பழைய கோடில் டிஎல்பி ஆணை லாக்குக்குள் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எழுதியவர் அதை எங்கும் குறிக்கவில்லை. குறித்திருந்தால் தம்பி அதை வெளியே எடுத்திருக்க மாட்டார். இப்போது அந்த வரிக்கு மேலே ஆறு வரிக் குறிப்பு இருக்கிறது. தம்பி எழுதியது.

முழுதாகப் படிக்க நேரம் இல்லாதபோது 'ஏக்டு-பை' போடுகிறேன். இன்னொருவரையும் பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன்.

வெயிலைக் குற்றம் சாட்டிக் கழித்த மூன்று நாள் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பெஞ்சில் கெடும் எந்தப் பெட்டிக்கும் விஷம் தடவிய கர்னலை முதல் நாளே ஏற்றுவது என்று வைத்துக்கொண்டோம். வேகம் குறையும், அது பரவாயில்லை.

எங்கள் பேட்ச்களில் பதிவை அழித்து டிஎல்பி ஆணை அனுப்பும் இடங்கள் இன்னும் மூன்று இருந்தன. இரண்டைப் பார்த்து முடித்தோம், வரிசை சரியாக இருந்தது. மூன்றாவதை அக்காவும் தம்பியும் இந்த வாரம் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.